கேமரா கேள்விகள்: டார்க் ரூம் தெரியாமல் போட்டோகிராஃபி வருமா?

பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஸ்டூடியோ வைத்திருந்த என் பெரியப்பா, "டார்க் ரூமில் நின்று பிரிண்ட் போடாதவனுக்கு போட்டோகிராஃபி வராது" என்கிறார். உண்மையா?
– கல்லூரி மாணவர், கோவை

பாதி உண்மை, மீதி பழைய தொழில் மேல் இருக்கும் பாசம். டார்க் ரூமை (நெகடிவிலிருந்து பேப்பரில் படம் போடும் இருட்டறை) எட்டிக்கூடப் பார்க்காமல் அருமையாக எடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், பயப்படாதீர்கள்.

பேப்பரில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பார்கள். சித்திரை மாதம் நம் குழாயில் வருவதோ வெந்நீர், ட்ரேயைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டுத்தான் வேலை ஓடும். இந்தப் பாடெல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் டெஸ்ட் ஸ்ட்ரிப் என்று ஒன்று உண்டு, அதை விடாதீர்கள். முழு பேப்பரை வீணாக்க மனமில்லாமல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நெகடிவைப் பெரிதாக்கி பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜருக்குக் கீழே வைத்து, ஐந்து விநாடிக்கு ஒரு தரம் அட்டையை நகர்த்தி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போவார்கள். டெவலப்பரில் போட்டால் 5, 10, 15, 20 விநாடி என்று பட்டை பட்டையாக வரும்: ஒன்றில் கன்னம் சுண்ணாம்பு அடித்த மாதிரி, இன்னொன்றில் கரி. இதில் எது சரி, தலைமுடியில் இழை தெரிகிறதா, சட்டை வெள்ளையில் மடிப்பு தெரிகிறதா என்று சிவப்பு விளக்கில் குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் அவர்களுக்குக் கண் பழகியது.

நீங்கள் இதை ஒரு பைசா செலவில்லாமல் செய்யலாம். கேமராவை எம் மோடில் (எல்லாவற்றையும் நாமே மாற்றும் மேனுவல்) வைத்து, அம்மாவை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, ஐஎஸ்ஓவையும் (ஒளி உணர்திறன்) அப்பர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) தொடாமல் ஷட்டரை மட்டும் 1/30, 1/60, 1/125, 1/250 விநாடி என்று மாற்றி எடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் வரிசையாக வைத்து, எது சரி, ஏன் என்று பெரியப்பாவிடமே கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எந்த யூடியூப் வீடியோவிலும் அது கிடைக்காது.

பல வருடம் ஃபிலிமில் எடுத்தவன் நான். டிஜிட்டலில் வானம் வெளுத்துப் போய்விடுகிறது. கேமராவில் கோளாறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது சார், பழக்கம்தான் பழையது. நெகடிவ் ஃபிலிம், வெளிச்சம் கொஞ்சம் தாராளமாக விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும். குறைந்தால்தான் நிழலில் ஒன்றும் பதியாது. அதனால் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக) கூட்டிவிடுவோம். டிஜிட்டலில் ஃபிலிமுக்குப் பதில் இருக்கும் சென்சார் இதற்கு நேர் எதிர். நிரம்பிவிட்டால் வெள்ளை வெள்ளைதான், எந்த சாஃப்ட்வேராலும் அந்த மேகத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நிழலையோ, ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்திருந்தால், கொஞ்சம் நாய்ஸோடு (புள்ளி புள்ளியான கரகரப்பு) தூக்கிவிடலாம். ஸ்லைடு ஃபிலிம் (நெகடிவாக இல்லாமல் நேராகவே படம் வரும் ஃபிலிம்) போட்ட அனுபவம் இருந்தால் உடனே பிடிபடும், அதிலும் இதே கதைதான்.

பெரிய கோயில் விமானத்தை வெயிலில் எடுக்கும்போது திரையை நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராமை (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். வலது ஓரத்தில் போய் முட்டினால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். நீங்கள் பழகிய எஃப்/16 கணக்கு (நல்ல வெயிலில் அப்பர்ச்சர் எஃப்/16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100, இல்லை 1/125) இன்றைக்கும் அப்படியே செல்லும்.

முதல் டிஜிட்டல் கேமரா ஜப்பான்காரர்கள் செய்ததுதானே?
– வாசகர், சிவகாசி

இல்லை. 1975-ல் அமெரிக்காவின் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இன்ஜினியர் செய்தது. 0.01 மெகாபிக்சல், கறுப்பு வெள்ளை, ஒரு படம் கேசட்டில் பதிவாக 23 விநாடி. ஃபிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனிக்குள்ளேயே பிறந்தது என்பதுதான் வேடிக்கை. டிஜிட்டல் வந்ததும் ஃபிலிம் தொழில் எல்லா இடத்திலும் ஆட்டம் கண்டது. 'இந்து' ஃபிலிம் தயாரித்த நம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் மூடியாகிவிட்டது.

தாத்தாவின் நெகடிவ்கள் தகர டப்பாவில் இருக்கின்றன. திறந்தால் வினிகர் வாடை. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

இன்றைக்கே டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வருகிற அமில வாடை அது. மூடிய டப்பாவில் தங்கி, நன்றாக இருக்கும் நெகடிவையும் சேர்த்துக் கெடுக்கும். வாடை வருவதைத் தனியே பிரித்து, காகித உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சிதைவை நிறுத்த முடியாது, அதனால் சீக்கிரம் டிஜிட்டலாக மாற்றுவதுதான் வழி. டேப்லெட்டில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, நெகடிவை அதற்கு இரண்டு விரல் மேலே நிறுத்தி (ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும்), ட்ரைபாடில் மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸோடு எடுத்து, கம்ப்யூட்டரில் இன்வெர்ட் செய்தால் (கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாக மாற்றினால்) போதும்.

ஓரத்தை மட்டும் பிடியுங்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். பெரிய சைஸ் ஸ்டூடியோ நெகடிவ்களில் முகத்தின் மேல் பென்சில் கோடு மாதிரி தெரிந்தால் அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். சுருக்கம் தெரியாமலிருக்க ஸ்டூடியோக்காரர் கையால் போட்ட டச்சிங் அது.