இரண்டு ஆண்டில் மூன்று கூடைப்பந்து அணிகள் என்னை விடுவித்துவிட்டன: ஊர் திரும்பலாமா?

வேண்டாம் தம்பி, ஆட்டம் முடிந்துவிடவில்லை. இஷ் ஸ்மித் என்ற அமெரிக்க ஆட்டக்காரரை 2010-இல் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர்) அணி எதுவும் தேர்வில் எடுக்கவில்லை. பிறகு 13 அணிகளுக்கு ஆடினார், அது சாதனை. 2023-இல் டென்வர் அணியுடன் கோப்பையும் வென்றார். அணி மாறுவது இந்தத் தொழிலின் இயல்பு.

உள்ளரங்கில் மட்டும் உங்கள் எறிதல் தவறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் நீங்கள் ஆடிப் பழகிய காற்று வீசும் திறந்தவெளிதான் என்று நினைக்கிறேன். நானும் பாம்பன் காற்றில் ஆடிப் பழகியவன். உயர எறிந்தால் காற்று பந்தைத் தள்ளிவிடும் என்று தாழ்வாகவே எறிவோம். தாழ்ந்து வரும் பந்துக்கு வளையம் குறுகிவிடுகிறது. முன்விளிம்பில் பட்டுத் தெறிக்கும். எனக்கு அந்தக் கைப்பழக்கம் மாற ஒரு பருவம் முழுவதும் ஆனது.

காற்று எழும் முன், விடியற்காலையில், மூலையிலிருந்து நூறு எறிதல்கள் போடுங்கள். பக்கவாட்டில் கைபேசியை வைத்துப் படம் பிடியுங்கள். தவறியவற்றில் பாதிக்கு மேல் முன்விளிம்பில் பட்டால் இதுதான் கோளாறு.

ஒன்று மட்டும்: ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயது வரம்பு உண்டு. எறிதல் சரியாகட்டும் என்று அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.