ரிமோட் விமானம்: எதற்கு முதலில் செலவு செய்வது?

கேள்வி: கையில் 12,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ரிமோட், பேட்டரி எல்லாம் ஒரே பெட்டியில் வரும் இரண்டு சேனல் விமானம் 3,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் பழகிவிட்டுப் பெரிய விமானத்துக்குப் போகலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி. ரிமோட்டால் தனித்தனியாக இயக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடும் ஒரு சேனல். பெரும்பாலான இரண்டு சேனல் விமானங்களில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், இடம் வலம் திருப்பலாம், அவ்வளவுதான். மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் எலிவேட்டர் இருக்காது. எலிவேட்டரைத் தொடாமல் பழகிய கை, உண்மையான விமானம் கிடைத்ததும் தடுமாறும். விமானம் உடைந்தால் அந்த ரிமோட்டும் வீண்தான், வேறு விமானத்தோடு அது சேராது.

உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் ரிமோட்டுக்கும் சார்ஜருக்கும் போகட்டும். பழகும் விமானம் விழத்தான் செய்யும். ரிமோட் கையில் பத்திரமாக இருக்கும். நான் முதலில் வாங்கிய விமானம் மூன்றாவது வாரமே உடைந்தது, ஆனால் அதற்காக வாங்கிய ரிமோட்டில்தான் இன்று ஐந்தாவது விமானத்தை ஓட்டுகிறேன். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆறு சேனல் ரிமோட் தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது குச்சியில் இருந்தால் மோட் 2, வலது குச்சியில் இருந்தால் மோட் 1. உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே வாங்குங்கள்.

கூடவே ரிமோட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிமுலேட்டர் கேபிள் ஒன்று வாங்கி, திரையில் வரும் விமானத்தைப் பத்து மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். விமானம் நம்மை விட்டுப் போகும்போது சிக்கல் இல்லை. நம்மை நோக்கித் திரும்பும்போது இடமும் வலமும் மாறிவிடும். புதியவர்கள் கீழே போடுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

விமானம் எளிதில் உடையாத ஈபிபி அல்லது ஈபிஓ ஃபோமில், இறக்கை உடலுக்கு மேலே அமைந்ததாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1.2 மீட்டர் அளவில் இருக்கட்டும். தெர்மாகோலில் நீங்களே செய்வதென்றால் சாதாரண சூப்பர் க்ளூவைத் தொடாதீர்கள், அது தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

கேள்வி: 2212 என்ற அளவு மோட்டாரில் 1000 கேவி, 2200 கேவி என்று இரண்டு இருக்கின்றன. கேவி கூடினால் சக்தியும் கூடுமா?
– மதுரை வாசகர்

பதில்: கூடாது. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு, சுமையில்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 11.1 வோல்ட் என்பதால் 1000 கேவி மோட்டார் சுமார் 11,100 சுற்றும் 2200 கேவி சுமார் 24,400 சுற்றும் சுற்றும். முதலாவதற்கு 10 அங்குல ப்ராப் (முன்னால் சுழலும் விசிறி), இரண்டாவதற்கு 6 அங்குலம். 2200 கேவியில் 10 அங்குல ப்ராப்பை மாட்டினால் மோட்டாரோ, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியோ கருகிவிடும். பழகும் விமானத்துக்கு 1000 கேவியும் 30 ஆம்பியர் ஈஎஸ்சியும் சரியான ஜோடி.

கேள்வி: 2200 எம்ஏஹெச், 25சி பேட்டரி வாங்கினேன். இரண்டே மாதத்தில் உப்பிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– திருச்சி வாசகர்

பதில்: கடைக்காரரைக் குறை சொல்லுமுன் உங்கள் பழக்கத்தைப் பார்த்துவிடுவோம். 2200 எம்ஏஹெச் என்பது 2.2 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவு. 25சி என்றால் அந்த எண்ணைப்போல 25 மடங்கு ஆம்பியர் வரை எடுக்கலாம். 2.2-ஐ 25-ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர். 30 ஆம்பியர் ஈஎஸ்சிக்கு அது போதும், பேட்டரியின் அளவில் குறையில்லை. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட். அப்படியே நாள்கணக்கில் அலமாரியில் வைத்தாலும், பறக்கும்போது 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினாலும் லிப்போ கெடும். கால் பங்கு மிச்சமிருக்கும்போதே தரையிறக்குங்கள். அடுத்த சில நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜரில், 2.2 ஆம்பியருக்கு மேல் போகாமல், பக்கத்திலேயே இருந்து சார்ஜ் செய்யுங்கள்.

உப்பியதை இனி சார்ஜ் செய்யாதீர்கள், ஊசியால் குத்தியும் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே மணல் வாளியில் வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். பேட்டரி வாங்கிவரச் சொல்லலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: மேலே சொன்ன 2200 எம்ஏஹெச் பேட்டரி மூன்று செல் என்றால் சுமார் 24 வாட்-ஹவர்தான். 100 வாட்-ஹவர் வரையுள்ள உதிரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் மட்டுமே கொண்டுவரலாம், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கனெக்டரின் முனைகளை டேப் சுற்றி மூடச் சொல்லுங்கள். எத்தனை எடுத்துவரலாம் என்பதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: எல்லாம் இணைத்துவிட்டேன். மைதானத்துக்குப் போகுமுன் எதைப் பார்க்க வேண்டும்?
– சேலம் வாசகர்

பதில்: ப்ராப்பைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டி, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சிக்னல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் அமைக்கப்படவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் தயவுசெய்து பறக்கவிடாதீர்கள், எதிரே சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கலாம். 2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோவுக்கு உட்பட்டதைப் பொழுதுபோக்காக ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் உங்கள் மைதானம் பறக்கக் கட்டுப்பாடுள்ள சிவப்பு, மஞ்சள் மண்டலத்துக்குள் வருகிறதா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.