பதில்: அணை கட்டப்போகும் இடத்தில், ஆற்றில் போட்ட மூன்று ஆய்வுத் துளையிலும் நல்ல பாறை, வலது கரையிலும் துளை வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது: வலது கரைக் கிணற்றின் நீர்மட்டம் ஆற்றை விடத் தாழ்ந்திருக்கிறது, அங்கே சுண்ணாம்புப் பாறையும் தெரிகிறது. அப்படியென்றால் ஆற்று நீர் கரைக்குள் இறங்கி வேறெங்கோ போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இலங்கையின் சமனலவெவ அணையில் 1992-இல் நீர் நிரப்பியபோது வலது கரைதான் உடைத்துக்கொண்டு கசிந்தது. அங்கும் கரைந்து குடைவான சுண்ணாம்புப் பாறைதான் காரணம்.

மூன்றும் செங்குத்துத் துளைகள் என்கிறீர்கள். செங்குத்தான வெடிப்புகள் அவற்றுக்குப் பிடிபடாமல் தப்பிவிடும். கரையில் சாய்துளைகள் போடுங்கள், ஒன்றாவது ஆற்றுக்கு அடியில் குறுக்கே போகட்டும். ஒவ்வொரு துளையிலும் பகுதி பகுதியாக லூஜான் சோதனை செய்யுங்கள், அதாவது அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி, பாறைக்குள் எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள். 10 பார் அழுத்தத்தில் துளையின் ஒரு மீட்டர் நீளத்துக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் போனால் அது 1 லூஜான்.

அப்புறம், துளையிடுபவரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "18 மீட்டரில் தண்ணீர் திரும்பவில்லை, கம்பி அரையடி சடக்கென்று இறங்கியது" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், அங்கே பாறையில் வெடிப்போ குடைவோ இருக்கலாம்; துளையிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கிய அழகான பாறைத் தண்டுகளை விட அது பெரிய செய்தி.

துளை இடங்களை முடிவு செய்யும் முன் இரண்டு கரையையும் நடந்து, 1:1000 அளவில் பாறைச் சாய்வு, வெடிப்புகள், ஊற்றுகள் எல்லாவற்றையும் வரைந்துவிடுங்கள். கிணற்று நீர்மட்டத்தை ஒரு மழைக்காலம் முழுக்கக் குறித்து வையுங்கள்.