பல க்ளையன்ட்களுக்கு ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் ப்ரௌசர் டேப்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மூன்று க்ளையன்ட், எழுபதுக்கு மேல் டேப், எதை மூடவும் பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் நிலைமையும் இதேதான்.

ஆப்களையும் இணையதளங்களையும் தமிழாக்குவது என் தொழில். ஒரு க்ளையன்டுக்கு 'உள்நுழை' என்று எழுதினால்தான் திருப்தி. இன்னொருவரோ, "எங்க பாட்டிகூட இப்படிப் பேசமாட்டாங்க சார், லாகின்னே போடுங்க" என்பார். ஆளுக்கொரு சொற்பட்டியல், வேலைக்கென்று ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி. எல்லாம் ஒரே குரோம் ஜன்னலில், ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். டேப்பின் தலைப்பு தெரியாது, ஐகான் மட்டும்தான் தெரியும். அதுவும் பாதிக்கு மேல் கூகுள் ஷீட்டின் அதே பச்சை ஐகான்.

ஒருநாள் ஒரு க்ளையன்ட் அனுப்பிய லிங்கைத் திறந்தேன். 'அனுமதி இல்லை, கேட்டுப் பெறவும்' என்று வந்தது. யோசிக்காமல் பட்டனை அழுத்தினேன். அந்த நேரத்தில் அந்த டேப் இன்னொரு க்ளையன்ட் கொடுத்த முகவரியில் இருந்திருக்கிறது. கோரிக்கை அந்த முகவரியிலிருந்தே போய்விட்டது. இருவரும் ஒரே துறை, போட்டியாளர்கள். பத்து நிமிடத்தில் போன்: "இது யாருங்க, அந்தக் கம்பெனி ஆளு நம்ம ஃபைலைக் கேக்குறாரு?" ரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனுக்கு அந்த நேரத்தில் வயிற்றில் புளியைக் கரைத்தது. விளக்கிச் சொல்லி ஒருவழியாகத் தப்பித்தேன்.

அன்றுதான் உறைத்தது: டேப்களின் எண்ணிக்கையை விடப் பெரிய சிக்கல், லாகின்கள் கலப்பது. ஒரே ஜன்னலில் பல கூகுள் கணக்குகள் இருந்தால், சாதாரணமாக எந்த லிங்கும் முதலில் லாகின் செய்த கணக்கில்தான் திறக்கும். மேலே இணைய முகவரியில் 'u/0', 'u/1' என்று வருவதுதான் எந்தக் கணக்கு என்பதற்கான அடையாளம். அதை யார் நின்று பார்க்கிறார்கள்?

ஆகவே க்ளையன்டுக்கு ஒரு குரோம் ப்ரொஃபைல். மேலே வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைச் சொடுக்கினால் புதிதாகச் சேர்க்கலாம். குக்கீ, புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்ட், எக்ஸ்டென்ஷன் எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துவிட்டேன். பச்சை ஜன்னல் என்றால் 'உள்நுழை', ஆரஞ்சு என்றால் 'லாகின்'. மூளை நிறத்தைப் பார்த்தே மாறிக்கொள்கிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. வாட்ஸ்அப்பிலோ வேறு செயலியிலோ வரும் லிங்கைச் சொடுக்கினால், கடைசியாக எந்த ப்ரொஃபைலில் இருந்தீர்களோ அதில்தான் திறக்கும். அதனால் நான் எந்த லிங்கையும் நேராகச் சொடுக்குவதில்லை. காப்பி செய்து உரிய ஜன்னலில் ஒட்டுகிறேன். சலிப்பான வேலைதான், ஆனால் அந்தப் போன் காலை நினைத்தால் சலிப்பு போய்விடும்.

சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவருக்கு இது சரிப்படவில்லை. ஒரே தளத்தில் ஐந்து லாகின், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். அவர் ஃபயர்ஃபாக்ஸின் கன்டெய்னர் வசதிக்குப் போனார். ஒரே ஜன்னலில் டேப்புக்கு டேப் வேறு லாகின், டேப்பில் நிறக் கோடு. ஆனால் ஹிஸ்டரியும் புக்மார்க்கும் பொதுவாகத்தான் இருக்கும்.

டேப் குரூப் பற்றிப் பலரும் சொல்வார்கள். 2020இல் குரோமில் வந்ததும் நானும் ஆசையாகப் பயன்படுத்தினேன். நாற்பது டேப்பைக் குழுவாக்கிச் சுருக்கி வைத்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். நாற்பதும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். இப்போது ஒரே ஒரு குழு: சொற்பட்டியல், நடை வழிகாட்டி, விக்சனரி. மற்றவை வெளியே.

மூட பயப்படுவதற்குக் காரணம், டேப்பை நாம் நினைவூட்டலாக வைத்திருப்பது. நான் ஒவ்வொரு க்ளையன்டுக்கும் ஒரு ஷீட் வைத்து, நிறுத்தும்போது லிங்கையும் ஒரு வரியையும் எழுதிவிடுகிறேன்: '37ஆம் வரி, ரினியூவலுக்கு என்ன சொல் என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.' பிறகு ஜன்னலையே மூடிவிடுவேன். மறுநாள் டேப்பைப் பார்த்து 'இதை எதுக்குத் திறந்தோம்' என்று முழிக்க வேண்டியதில்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று. மணிக்கணக்கில் பில் போடுபவன் நான். எந்த நாள் எவ்வளவு நேரம் என்று சந்தேகம் வந்தால் அந்த ப்ரொஃபைலின் ஹிஸ்டரியைப் பார்ப்பேன். குரோம் 90 நாள் வரை வைத்திருக்கும். அதில் அந்த ஒரு க்ளையன்டின் வேலை மட்டுமே இருக்கும்.

லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி என்றால், பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும் குரோமின் மெமரி சேவரை ஆன் செய்தே வையுங்கள். ஆனால் மொழிபெயர்ப்புக் கருவி போன்ற தளங்கள் தூங்கி எழுந்தால் முதலிலிருந்து ஏறும். அவற்றை மட்டும் அமைப்புகளில் 'எப்போதும் விழித்திருக்கும்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எழுபதையும் இன்றே பிரிக்க உட்காராதீர்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வேலைக்காகத் தொடும் டேப்பை மட்டும் உரிய ப்ரொஃபைலில் திறந்து, பழையதை மூடுங்கள். இரண்டு வாரம் கழித்து மிஞ்சியதை எல்லாம் ஒரே புக்மார்க் ஃபோல்டரில் போட்டு மூடலாம். டேப் பட்டையில் வலது கிளிக் செய்தால் அதற்கான வழி இருக்கிறது. எனக்கு மிஞ்சியவை 41. அதில் பிறகு தேடிப் போனது இரண்டே இரண்டு. ஒன்று ஜிஎஸ்டி பக்கம், இன்னொன்று சாம்பார்ப் பொடி செய்முறை.