வேலை அனுபவம் இல்லாமல் எம்பிஏ சேர்ந்திருக்கிறேன், நேர்காணலுக்குக் கூப்பிடுகிறவர்களின் ஷார்ட்லிஸ்ட் ஒன்றிலும் இதுவரை பெயர் வரவில்லை. சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?

கிடைக்கும். எனக்கும் நேர்காணல் நடந்த முதல் வாரம் முழுக்க எந்தப் பட்டியலிலும் பெயர் வரவில்லை. அந்த வாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் கோபிச்செட்டிப்பாளையம். இன்ஜினியரிங் முடித்த கையோடு கோழிக்கோடு ஐஐஎம்மில் சேர்ந்தேன். குன்னமங்கலத்தில் மலை மேல் இருக்கிற வளாகம், ஜூனில் பெட்டியை இறக்கி வைத்த நாளிலிருந்து மழை. பகலெல்லாம் வகுப்பு, குழு அசைன்மென்ட்டை இரவு 11.59க்குள் அனுப்ப வேண்டும், அதற்கு அப்புறம்தான் சீனியர் அண்ணன்களும் அக்காக்களும் மாக் இன்டர்வியூவுக்கு, அதாவது ஒத்திகை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். கோடையில் செய்யப்போகிற இரண்டு மாத வேலைக்கு அக்டோபர், நவம்பரிலேயே நேர்காணல். சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. அக்கவுன்டிங்கில் பற்று வரவு புரிவதற்குள் ‘உன் ஐந்தாண்டுத் திட்டம் என்ன’ என்று கேட்பார்கள்.

என்னை அதிகம் வாட்டியது சிவிதான். ஒரே பக்கம், ஒவ்வொரு வரிக்கும் சான்றிதழ் காட்ட வேண்டும். பள்ளி நாளிலிருந்து லீவு விட்டால் அப்பாவின் உரக்கடையில் நான்தான் பில் போடுவேன். அதற்கு யார் சான்றிதழ் தருவார்கள்? அந்த வரி போய்விட்டது. மிச்சம் இருந்தவை மதிப்பெண்களும் ஒரு கல்லூரி விழாவும். கன்சல்டிங், வங்கி, பெரிய சோப்பு நிறுவனங்கள் என எல்லாப் பட்டியலும் வந்து போயின. அறைத்தோழன் பெயர் நான்கில் இருந்தது. முதல் நாள் காலை அவனுக்கு டை கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். அவன் மேல் பொறாமை இல்லை. ஆனால் அப்பாவின் போனை மட்டும் அன்று எடுக்க முடியவில்லை.

இரண்டாவது வாரம் உரம், விதை மாதிரி வேளாண் இடுபொருள் விற்கிற ஒரு நிறுவனம் அழைத்தது. நேர்காணல் எடுத்தவர் சிவியைப் புரட்டிவிட்டு, “ஊர் கோபியா? உங்க பக்கம் ஒரு போகத்துக்கு எவ்வளவு யூரியா போகும், கணக்குப் போட்டுச் சொல்லுங்க” என்றார். தாளை இழுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினேன். கீழ்பவானி வாய்க்கால் பாசனம் மொத்தம் 2,07,000 ஏக்கர். ஒரு போகத்துக்குப் பாதிக்குத்தான் தண்ணீர், ஆக 1,03,500 ஏக்கர். வழக்கமாக ஆகஸ்ட் 15ல் திறக்கிற நன்செய்த் தண்ணீர், அதனால் எல்லாம் நெல் என்று வைத்துக்கொள்ளலாம். நடவுக்கு முன் அடியுரமாகக் காம்ப்ளக்ஸ் உரம் போட்டது போக, மேலுரத்துக்கு ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா. 2,07,000 மூட்டை. மூட்டை 45 கிலோ, கிட்டத்தட்ட 9,300 டன்.

“50 கிலோ இல்லையா?” என்றார். 2018லேயே 45 ஆக்கிவிட்டார்கள் என்றேன். ஏன் என்றார். விவசாயி கிலோவில் கணக்குப் போடுவதில்லை, மூட்டையில்தான் போடுவார். மூட்டையைச் சிறிதாக்கினால் வயலுக்குப் போகிற யூரியா குறையும் என்பது அரசின் எண்ணம். எங்கள் கடையில் சிலர் அதே இரண்டு மூட்டையோடு நின்றார்கள், சிலர் பயிர் வெளுத்திருக்கிறது என்று மூன்றாவதுக்கு வந்தார்கள். விற்பனை ஆதார் வைத்து மிஷினில் போவதால் கைரேகை விழாத பெரியவர்கள் மகனை அழைத்துக்கொண்டு மறுபடி வருவார்கள். இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபது நிமிடம் என்றது முக்கால் மணி நேரம் ஆனது. அன்று மாலையே முடிவு வந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டுக் கணக்கையும் சொன்னேன். “எல்லாம் நெல்லுன்னு போட்டுட்டியா கண்ணு? மஞ்சளும் கரும்பும் வெச்சிருக்கறவங்கள விட்டுட்டியே” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சரி, நீங்கள் இப்போது செய்யக்கூடியது. சிவியை இனி மாற்ற முடியாது என்றால் அதை விடுங்கள். உங்கள் வீட்டுத் தொழிலோ, தெருவோ, பகுதி நேரமாகப் பார்த்த வேலையோ, நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்து அதில் வாங்கும் விலை என்ன, விற்கும் விலை என்ன, கடன் எத்தனை நாள், சரக்கு எந்த மாதம் தேங்கும் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். எண் தெரியாத இடத்தில் வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அதை நண்பர் ஒருவரிடம் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கல்லூரிக்கு நிறுவனங்கள் அதிகம் வராது என்றால் பழைய மாணவர்களுக்கு லிங்க்டுஇன்னில் எழுதுங்கள். வேலை கேட்காமல், அவர்கள் துறையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படித்தான் மார்ச் மாதம் இன்டர்ன்ஷிப் வாங்கினார்கள்.

இன்னொன்று. இன்று இரவு சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். அந்த முதல் வாரத்தில் நான் இரண்டையும் செய்யவில்லை.