பொருளாதாரத்தோடு சமூகக் கொள்கையும் சேர்த்துப் படிக்கலாமா?

பிளஸ் டூ முடித்த காட்பாடி மாணவி கேட்டிருக்கிறார்: பொருளாதாரம் மட்டும் போதாதா, சமூகக் கொள்கை (அரசின் நலத்திட்டங்கள் யாரை, எப்படிச் சென்றடைகின்றன என்று ஆராயும் படிப்பு) எதற்கு?

உங்கள் வீட்டு ஸ்மார்ட் ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். படத்துக்குக் கீழே பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று இருக்கும். 1997-ல் மத்திய அரசு ஏழைகளுக்கு மட்டும் மலிவு விலை என்று பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. அதனால்தான் என்பிஎச்எச் கார்டுக்கும் இங்கே அரிசி உண்டு. இதற்கு எவ்வளவு செலவு, அந்தப் பணத்தை வேறெங்கே போடலாம் என்று பொருளாதாரம் கேட்கும். பிரித்தால் எந்த ஏழை பட்டியலில் விடுபடுவார், வரிசையில் நிற்பவருக்கு என்ன மரியாதை என்று சமூகக் கொள்கை கேட்கும். ஒன்றை விட்டு இன்னொன்றைப் படித்தால் பாதிதான் புரியும்.

அடுத்து பாலாறு. அதில் கலந்த தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீரின் செலவு செருப்பு விலையில் ஏறவில்லை, கிணற்றுக்காரர் தலையில் விழுந்தது. பாடப்புத்தகத்தில் 'புறவிளைவு' என்று வறட்சியாக இருக்கும். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே தோல் தொழில்தான் ஆம்பூர், வாணியம்பாடியில் ஏராளமான வீடுகளுக்குச் சோறு போடுகிறது. மூடு என்று சொல்வது சுலபமில்லை.

கணக்கு? புள்ளியியலைத் தட்டிக்கழிக்க முடியாது. அதில் கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். கல்லூரியில் சேருமுன் பாடத்திட்டத்தில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதுகலையில் திண்டாடுவீர்கள்.