தூண்டில் அக்கா பதில்கள்: மே, ஜூன் மாதத்து ஏரிகள்

மே மாத நீண்ட வார இறுதி முடிந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே புலம்பல்தான்: போனோம், இருந்தோம், ஒன்றும் கொத்தவில்லை. மற்றப் பாதி, பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்ற பயம். இந்த முறை இரண்டையும் சேர்த்தே எடுத்திருக்கிறேன். எல்லாம் ஒன்ராறியோ ஏரிகளைப் பற்றிய கேள்விகள்.

அக்கா, ரைஸ் ஏரியில் படகை வாடகைக்கு எடுத்து, நடு ஏரியில் விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை இருந்தோம். ஒன்றுமே இல்லை. கரைக்குத் திரும்பினால், இறங்குதுறைக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் வாளியில் மீன் போட்டு வைத்திருக்கிறார்கள். பெரிய மீன் ஆழத்தில்தானே நிற்கும்? (ஸ்காபரோ வாசகர்)

ஆடி, ஆவணியில் நீங்கள் சொல்வது சரி. மே மாதத்தில் அது தலைகீழ், தம்பி.

ஏப்ரலில் பனிக்கட்டி உருகிப் போகும்போது ஏரித் தண்ணீர் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதன்பிறகு முதலில் சூடேறுவது ஆழம் குறைந்த, அடியில் கறுத்த சேறு உள்ள குடாக்கள். அதிலும் ஏரியின் வடக்குக் கரையில் உள்ளவை. வெயில் தெற்கிலிருந்து விழுகிறது. குளிர்ந்த வடகாற்றைக் கரையிலுள்ள மரங்கள் மறிக்கின்றன. நல்ல வெயில் அடித்த ஒரு பின்னேரம் அப்படிப்பட்ட குடாவுக்கும் நடு ஏரிக்கும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் இருக்கும். மனிதருக்கு அது பெரிய விஷயமில்லை. மீனுக்கு அதுதான் எல்லாம். சூடான இடத்தில் பூச்சிப் புழு அசையத் தொடங்கும், குஞ்சு மீன்கள் அங்கே வரும், அவற்றுக்குப் பின்னால் கிராப்பியும் சன்ஃபிஷும் பேர்ச்சும் வரும். அந்தப் பிள்ளைகள் வாளியில் வைத்திருந்தது அநேகமாக இவைதான்.

இன்னொன்று, நீங்கள் போன நேரம். விடியற்காலை மீன்பிடி என்பது கோடைக்குரிய பழக்கம். மே மாதத்து விடியலில் குடாத் தண்ணீர் இரவுக் குளிரில் இறங்கிப்போய் இருக்கும். காலையில் நன்றாகத் தூங்கி எழும்பி, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போங்கள். இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் ஒரு தக்கை, அதற்குக் கீழே இரண்டு மூன்று அடியில் சின்ன ஜிக் (தலையில் ஈயம் வைத்த தூண்டில்) அல்லது ஒரு துண்டுப் புழு, நான்கு இறாத்தல் அல்லது ஆறு இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி. இதற்குமேல் எதுவும் தேவையில்லை. கிராப்பி கொத்தினால் தக்கை எப்போதும் கீழே போகும் என்றில்லை. சில வேளை படுத்துவிடும். அது இரையை மேல்நோக்கித் தூக்கும் மீன். தக்கை படுத்ததும் மெதுவாக இழுங்கள், வெட்டி இழுத்தால் வாய் கிழியும்.

ஒரு வெப்பமானியை நூலில் கட்டிப் பையில் வைத்திருங்கள். மீன் காட்டும் கருவிகளுக்கு நூற்றுக்கணக்கில் செலவழிப்பவர்கள் இதை வாங்குவதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. 15 டிகிரியைக் கண்ட குடாவில் உட்காருங்கள். முதல் நாள் இரவு குளிர்காற்று அடித்திருந்தால் அதே மீன்கள் சற்று வெளியே போய், புல் முடியும் ஓரத்தில் நிற்கும். ரைஸ் ஏரி மொத்தத்தில் ஆழமில்லாத ஏரி; அங்கே நடுவில் போய் ஆழம் தேடுவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது.

போன வருடம் ஜூலையில் ஹாலிபேர்ட்டன் பக்கம் ஒரு கொட்டேஜில் தங்கியபோது, வழிகாட்டி ஒருவர் 50 அடிக்குக் கீழே தூண்டில் இறக்கி லேக் ட்ரவுட் பிடித்துத் தந்தார். இந்த வருடம் மே கடைசியில் போகிறோம். அதே இடத்தில் அதே ஆழத்தில் போடலாமா? (பிரம்டன் வாசகர்)

வேண்டாம். லேக் ட்ரவுட் 10 டிகிரி அளவுத் தண்ணீரைத் தேடி நகரும் மீன். அந்த 10 டிகிரி எங்கே இருக்கிறதோ அங்கே அது இருக்கும்.

தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். பனிக்கட்டி போன கையோடு ஏரி முழுவதும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருப்பதால், காற்று அடித்தால் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலக்கும். அந்த நாட்களில் ட்ரவுட் எங்கும் திரியும், கரையோரப் பாறைகளுக்குக்கூட வரும். பிறகு வெயில் ஏற ஏற மேல்தண்ணீர் சூடாகி, இலேசாகி, மேலேயே தங்கிவிடும். ஜூன் கடைசிக்குள் ஆழமான ஏரிகள் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும்: மேலே குளிக்கக்கூடிய தண்ணீர், கீழே குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர், நடுவில் சில அடிகளுக்குள் வெப்பம் சடாரென்று விழும் ஒரு படலம். ஜூலையில் உங்கள் வழிகாட்டி தூண்டிலை இறக்கியது அந்தப் படலத்துக்குக் கீழே. மே கடைசியில் அது இன்னும் ஒழுங்காக உருவாகியிருக்காது. 10, 20 அடியில் மினுங்கும் ஸ்பூனை (கரண்டி வடிவத் தகட்டு இரையை) படகுக்குப் பின்னால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அந்த ஏரிக்கென்று தனிப் பருவமோ அளவோ இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தில் ஏரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மே கடைசியில் வெளியே 27 டிகிரி வெயில் இருக்கும், எல்லோரும் ரீசேர்ட்டோடு நிற்பீர்கள். தண்ணீர் 12 டிகிரி. விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறல், அதற்குள் தண்ணீர் உள்ளே போகலாம். அடுத்த பத்து நிமிடம் அளவுதான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் ஆகலாம், ஆனால் உயிர்காப்பு அங்கி இல்லாதவர் அவ்வளவு நேரம் மிதக்கப்போவதில்லை. படகில் ஆளுக்கொரு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நான் சொல்வது. நீச்சல் தெரியும் என்று அங்கியை இருக்கைக்குக் கீழே வைக்கும் ஆண்களோடு நான் படகில் ஏறுவதில்லை, அது யாராக இருந்தாலும் சரி.

ஜூன் முதல் வாரம் கவார்த்தா பக்கம் சன்ஃபிஷ் பிடிக்கப் போன இடத்தில் பெரிய பாஸ் மீன் ஒன்று மாட்டியது. நண்பர் படம் எடுத்துவிட்டு விடலாம், பிடித்து விடுவதில் பிழையில்லை என்றார். பிறகு அதே இடத்தில் இன்னும் மூன்று பிடித்து விட்டோம். சரிதானா? (மார்க்கம் வாசகர்)

முதலாவது தற்செயல். மற்ற மூன்றும் குற்றம்.

ஒன்ராறியோவின் மீன்பிடி வலயங்களில் கவார்த்தா ஏரிகள் 17ஆம் வலயத்தில் வருகின்றன. அங்கே பாஸ் பருவம் திறப்பது ஜூன் மூன்றாம் சனிக்கிழமை. வேறு வலயங்களில் நாள் மாறும். மூடிய காலத்தில் ஒரு மீனைக் குறிவைத்துப் பிடிப்பது, விட்டுவிடும் எண்ணத்தோடு பிடித்தாலும், சட்டப்படி தவறு. தற்செயலாக மாட்டினால் உடனே விட வேண்டும். படத்துக்காக ஆளாளுக்குக் கைமாற்றிக்கொண்டு நிற்கக் கூடாது.

சட்டத்தை விடுங்கள், அந்த மீன் ஏன் அவ்வளவு சுலபமாக மாட்டியது என்று யோசித்தீர்களா? தண்ணீர் 15, 16 டிகிரிக்கு வந்ததும் ஆண் பாஸ் கரையோரத்தில் வாலால் கூட்டி ஒரு வட்டக் குழி அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும் குஞ்சையும் வாரக்கணக்கில் காப்பது தகப்பன் மீன்தான். அந்த நாட்களில் அது ஒழுங்காகச் சாப்பிடுவதுகூட இல்லை; கிட்ட வருவதையெல்லாம் கடித்து விரட்டும். உங்கள் தூண்டிலையும் அப்படித்தான் கடித்தது. நீங்கள் அதைத் தூக்கிப் படம் எடுக்கும் நேரத்துக்குள் சுற்றி நிற்கும் சன்ஃபிஷும் பேர்ச்சும் குழிக்குள் புகுந்து முட்டையை முடித்துவிடும். களைத்துப்போன தகப்பன் திரும்பி வந்தாலும் குழி வெறுமையாக இருந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே தண்ணீருக்கடியில் வெளிறிய வட்டங்களைக் கண்டு, அதன்மேல் பெரிய மீன் ஒன்று அசையாமல் நின்றால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போங்கள்.

ஊரிலிருந்து மாமா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார், வயது 68. அறுபத்தைந்துக்கு மேல் லைசன்ஸ் வேண்டாம் என்கிறார்கள். மகனுக்கு 14 வயது. (அஜாக்ஸ் வாசகி)

மகனுக்கு வேண்டாம். மாமாவுக்கு வேண்டும். 18 வயதுக்குக் கீழும் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு 18 வயதோ அதற்கு மேலோ என்றால் வெளிநாட்டவருக்கான லைசன்ஸ் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் எடுக்கவும் வழி உண்டு. அன்னையர் தின, தந்தையர் தின வார இறுதிகளின் இலவச மீன்பிடியும் இங்கே வசிப்பவர்களுக்குத்தான். லைசன்ஸ் தேவையில்லை என்றாலும் எண்ணிக்கை, அளவு விதிகள் எல்லோருக்கும் பொருந்தும் என்பதை மகனுக்குச் சொல்லி வையுங்கள்.

நிப்பிசிங் ஏரியில் பகல் முழுக்க வோல்ஐ மீன் தேடினோம். கண்ணாடி போலத் தண்ணீர், அழகான வெயில், ஒரு கடி இல்லை. (ஸ்காபரோவிலிருந்து இன்னொருவர்)

நீங்கள் சொன்ன அழகுதான் காரணம். வோல்ஐயின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் டோர்ச் அடித்தால் பூனைக்கண் போல மினுங்குவது அதனால்தான். மங்கலில் அது இரையைக் காணும், இரை அதைக் காணாது. வெயிலும் அசையாத தண்ணீரும் சேர்ந்தால் ஆழத்துக்கோ புல்லுக்குள்ளோ போய்ப் படுத்துவிடும். காற்று வந்து தண்ணீர் நெளியும் நாளில் காற்று மோதும் கரைக்குப் போங்கள். இல்லாவிட்டால் சூரியன் விழும் நேரத்துக்குக் காத்திருங்கள்.

ஜூனில் இன்னொரு தொல்லை. அடிச்சேற்றில் வளர்ந்த மேஃப்ளை பூச்சிகள் கூட்டமாக மேலெழும் காலம் அது. காலையில் படகிலும் இறங்குதுறையிலும் செட்டையும் வாலுமாக அப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயிறு புடைக்கத் தின்ற வோல்ஐக்கு உங்கள் குஞ்சு மீன் எதற்கு? அந்த நாட்களில் மண்புழுவையோ அட்டையையோ சேற்றுக்கு ஓரடி மேலே மிக மெதுவாக இழுப்பதுதான் கொஞ்சமாவது பலன் தரும். காற்று வேண்டும் என்றேன், நிப்பிசிங்கில் அளவோடு. பரந்த, ஆழமில்லாத ஏரி. அலை சட்டென்று எழும்பும். அங்கே வோல்ஐக்குத் தனி விதி உண்டு, பொது வலய விதியை நம்பிப் போகாதீர்கள். ஸ்கூகொக் ஏரியில் வோல்ஐ வருடம் முழுவதும் மூடியிருக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மிஞ்சிய உயிர் இரையை ஏரியில் விட்டால் மீனுக்குச் சாப்பாடாகும்தானே? (மிசிசாகா வாசகர்)

கூடாது. இரை வாளித் தண்ணீரைக்கூட எந்த நீர்நிலைக்கும் 30 மீற்றருக்குள் ஊற்றக் கூடாது. ஏரிக்கு ஏரி நோயும் அந்நிய இனங்களும் போவது இந்த வாளிகளில்தான். மண்புழுவையும் காட்டுக்குள் எறியாதீர்கள். பனியுகத்துப் பனிப்பாறைகள் மூடியிருந்த இந்த வடக்குக் காடுகளில் மண்புழு இயற்கையாக இல்லை. அது வந்தால் தரையிலுள்ள இலைச்சருகைத் தின்று காட்டைக் கெடுக்கும். மூடிக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஏரி மீனில் சேற்று மணம் வருகிறதே, எப்படிச் சமைப்பது? கரையிலேயே வெட்டிக் கழுவிக்கொண்டு வரலாமா? (பிக்கரிங் வாசகி)

பிடித்த மீனை வெயிலில் வாளியில் வைத்திருந்தால் எந்த மீனும் மணக்கும். ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். தோலையும், வயிற்றுக்குள் உள்ள கறுத்த சவ்வையும் எடுத்தால் சேற்று மணம் பெரும்பாலும் போய்விடும்.

வோல்ஐயைப் புளிக்குழம்பில் போடுபவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. அது மெல்லிய சதை, குழம்பில் கரைந்துபோகும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டிப் பொரியுங்கள். சன்ஃபிஷையும் பேர்ச்சையும் முழுதாகப் பொரித்தால் எங்கள் வீட்டில் அடுப்படியிலேயே முடிந்துவிடும். பைக் மீன் குழம்புக்கு நிற்கும், ஆனால் கவட்டை முள் நிறைய, பிள்ளைகளுக்குக் கவனம். பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்ன மீனே நல்லது. ஏரிவாரியாக எவ்வளவு சாப்பிடலாம் என்று மாகாண அரசு பட்டியல் தருகிறது.

கரையில் வெட்டிக்கொண்டு வருவது ஆபத்து. என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்ததும் தெரிய வேண்டும். அளவுக் கட்டுப்பாடு உள்ள மீன் என்றால் அளக்கவும் முடிய வேண்டும். 17ஆம் வலயத்தில் வோல்ஐ 35 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். தலையும் வாலும் இல்லாத துண்டை எப்படி அளப்பது? முழுதாகவே கொண்டுவாருங்கள்.

கடிக்கும் கறுப்பு ஈக்கு என்ன செய்வது? (சட்பரி போகும் வாசகர்)

வெளிர் நிற முழுக்கைச் சட்டை, காற்சட்டையைக் காலுறைக்குள் விடுங்கள், கருநீலம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் பிறப்பவை, ஆற்று வாய்க்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை இருக்கும். புல்லுக்குள் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அக்கா, நீங்கள் போகும் இடத்தைச் சொல்லுங்களேன்! (பலர்)

சொல்ல மாட்டேன். ஒன்ராறியோ அரசின் ‘ஃபிஷ் ஆன்லைன்’ வரைபடத்தைத் திறந்தால் எந்த ஏரியில் என்ன மீன், எங்கே குஞ்சு விட்டிருக்கிறார்கள், எங்கே இறங்கலாம் எல்லாம் இருக்கிறது. வடக்குக் கரையில் ஆழமில்லாத குடாவாகப் பார்த்து, பின்னேரம் போங்கள். அங்கே ஏற்கெனவே மடக்குக் கதிரையில் ஒரு பெண்ணும், பக்கத்தில் பத்திரிகை படித்துக்கொண்டு ஒரு மனிதரும் இருந்தால், தயவுசெய்து அடுத்த குடாவுக்குப் போய்விடுங்கள்.